பின் பெஞ்சில் என் மகள்

மேசையில் அப்பத்தின்மேல் போட்ட வெள்ளைத் துணியை இன்னும் எடுக்கவில்லை. அதை எடுக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. எடுத்த பிறகு அப்பம் சுற்றி வரும், திராட்சரசப் பாத்திரம் சுற்றி வரும், காணிக்கைப் பை வரும், கடைசியில் அறிவிப்பு. அறிவிப்புக்கு என் வீட்டுக்காரர் எழுந்திருப்பார். சபையின் மூப்பராக எழுந்திருப்பார், பெர்சிஸின் அப்பாவாக இல்லை. காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே என்னிடம் அப்படித்தான் சொன்னார். பெர்சிஸ் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பம் எடுக்கத் தகுதியில்லாதவர்களுக்கான பெஞ்சு அது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் முக்காடு நழுவும், நழுவினால் பக்கத்தில் இருக்கும் கிரேனாப்பு அக்கா இழுத்துவிடுவாள், இழுத்துவிட்ட கையோடு என் முழங்கையை ஆறுதலாக ஒரு அமுக்கு அமுக்குவாள், எனக்கு அழுகை வந்துவிடும். ஞானசிகாமணி அண்ணன் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். ஆதாமில் ஆரம்பித்தவர் இப்போதுதான் ஆபிரகாமுக்கு வந்திருக்கிறார். சிலுவை நின்ற கல்வாரிக்கு வந்து சேர இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளுக்குள் சலித்துக்கொள்வேன், வீட்டில் குழம்பு கொதித்து அடிப்பிடிக்கிற மாதிரி இருக்கும். இன்றைக்கு மெதுவாகப் போங்கள் அண்ணே, வனாந்தரத்தில் நன்றாகச் சுற்றிவிட்டு வாருங்கள், யார் அவசரப்படுத்தினார்கள் என்று கெஞ்சுகிறேன். நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். "அவள நான் அனுப்ப மாட்டேன்." இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். வசனம் எடுத்துச் சொன்னால் அவர்கள் பத்து வசனம் எடுத்துப் போடுவார்கள். எழுந்து நிற்க வேண்டும், சொல்ல வேண்டும், உட்கார்ந்துவிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கூட்டத்துக்குள் பாட்டுப் பாடுவதற்குத் தவிர நான் வாய் திறந்ததில்லை. பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று பவுல் அப்போஸ்தலன் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். சந்தேகம் இருந்தால் வீட்டில் போய்ப் புருஷனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புருஷன்மேலேயே சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது என்று பவுல் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அந்தக் கடிதம் காணாமல் போயிருக்கும். ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு நான் ஞாயிறு பள்ளி நடத்தலாம், தாவீது கதை சொல்லலாம், கூழாங்கல் பொறுக்கிக் காட்டலாம். அதே பையன் வளர்ந்து ஞானஸ்நானம் எடுத்துவிட்டால் மறுவாரமே எழுந்து நின்று எனக்கு தாவீதைப் பற்றிப் போதிப்பான், நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். இதோ முன்வரிசையில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், மூக்கு துடைத்துவிட்டிருக்கிறேன் அவனுக்கு. அவனும் இங்கே எழுந்து பேசலாம்.

மின்விசிறி என் தலைக்குமேல் டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. தகரக் கூரை காய ஆரம்பித்துவிட்டது. பெர்சிக்கு இந்தச் சத்தம் கேட்குமா, தெரியவில்லை. இடது காதில் ஒன்றுமே கேட்பதில்லை என்கிறாள். சத்தமே இல்லை என்றாலும் பரவாயில்லையாம், எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கிறதாம், குழாயைச் சரியாக மூடாமல் விட்ட மாதிரி. ரூபன் அடித்தது. என் மருமகன். நாகர்கோவிலில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், அந்த ஊர்ச் சபையில் பாட்டு ஆரம்பித்து வைப்பது அவன்தான், நல்ல குரல். குரலைப் பார்த்துத்தான் கொடுத்தோம் என்றுகூடச் சொல்லலாம். முதல் தடவை சுவரில் தள்ளினான், இரண்டாம் தடவை இடுப்பில் மிதித்தான், அதையெல்லாம் அவள் எங்களிடம் சொல்லவேயில்லை. காதில் அறைந்து ரத்தம் வந்த அன்றைக்குத்தான் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு பை, அதில் இரண்டு சேலை, வேதப்புத்தகம். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது, எப்படி ஆச்சு என்று அவர் கேட்டதும் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள். வீட்டுக்கு வந்து இதை நான் அழுதுகொண்டே சொன்னபோது என் வீட்டுக்காரர் முகம் மாறியது. அப்பாடா, இப்போதாவது கோபம் வந்ததே என்று நினைத்தேன். "டாக்டர்ட்ட பொய் சொன்னாளா?" என்று கேட்டார். காதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அன்று முழுவதும் அந்தப் பொய்தான் அவரை வாட்டியது. சாயங்கால ஜெபத்தில் அவளை அதற்காக மன்னிப்புக் கேட்க வைத்தார், அவளும் கேட்டாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தேன். உள்ளுக்குள் எதுவோ அன்றைக்கு விட்டுப்போயிற்று, இன்னும் ஒட்டவில்லை. பிறகு இவரிடம் மெல்லப் பேசிப் பார்த்தேன். அவள் இனிமேல் அங்கே போக வேண்டாம், நம்மோடு இருக்கட்டும், பி.எட். முடித்திருக்கிறாள், ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்ளட்டும் என்றேன். அவர் கத்தவில்லை. கத்துகிற மனுஷர் இல்லை. புத்தகத்தை எடுத்தார், மத்தேயுவில் புருஷனும் மனைவியும் பிரிவதைப் பற்றிய வசனத்தைத் திருப்பினார், விரலை வைத்துக் காட்டினார். "வேசித்தனம்னு எழுதியிருக்கு யூனிஸ். அடிக்கிறதுன்னு எழுதல. நான் என்ன செய்ய? நானா எழுதினேன்?" அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தை ஒட்ட வெட்டியிருந்த விரல். பெர்சி பிறந்த அன்றைக்கு அந்த விரலைத்தான் பிடித்துக்கொண்டாள். அப்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது, நர்ஸ் சிரித்தாள். அது இவர்தானே.

ஞானசிகாமணி அண்ணன் யோசேப்பைக் குழியில் போட்டுவிட்டார். யாரோ இருமுகிறார்கள். ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் ரூபனின் முதுகு தெரிகிறது. வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல் இருக்கிறது. அவன் இன்றைக்கு அப்பம் எடுக்கப் போகிறான். போன வாரம் மூப்பர்கள் முன்னால் உட்கார்ந்து, கோபத்தில் கை நீட்டிவிட்டேன், மாம்சம் பலவீனமுள்ளது என்று அழுதானாம். மன்னித்து ஏற்றுக்கொண்டார்கள். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்று இருக்கிறதே. பெர்சி மட்டும் அவனோடு ஒப்புரவாக மறுத்ததால், வந்ததிலிருந்து பின் பெஞ்சு. அடித்தவன் முன்னால், அடிபட்டவள் பின்னால். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, கண்ணால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், அங்கே வரிசை, இங்கே வரிசை. இவர் அவளுக்கு இந்த ஞாயிறு வரைக்கும் தவணை கொடுத்திருந்தார். புருஷனோடு திரும்பிப் போனால் சபை அவளை ஏற்றுக்கொள்ளும். போகாவிட்டால் இன்றைக்கு வெளியே தள்ளப்படுவாள். அப்படித் தள்ளப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்று ஒரு வசனம் இருக்கிறது. அதையும் இவர் விரல் வைத்துக் காட்டினார். வீட்டில் எப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், வீட்டுப்பாடம் செய்கிற பையனைப்போல. வெளி அறையில் அவள் இருக்கலாம், சோறு கொடுக்கலாம், தேவையைச் சந்திக்கலாம், ஒரே மேசையில் உட்காரத்தான் கூடாது என்றார். என் மகளுக்கு நான் தட்டில் போட்டு நடையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவள் அப்பாவிடம் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் அவளை முன்னறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார், நான் அடுக்களையில் கைவேலையாக இருந்தேன், கதவு சாத்தியிருந்தது. காலையில் அவளிடம் என்ன பிள்ள சொன்னே என்று கேட்டேன். சபையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நான் அவள் தலையைத் தடவி, "பயப்படாத பிள்ள, நான் இருக்கேம்லா" என்றேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். போக மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் இன்றைக்கு வெளியே தள்ளுவார்கள், தள்ளட்டும், நானும் கூடவே எழுந்து வெளியே போவேன். ஒருவேளை போகிறேன் என்று சொல்லியிருந்தால்? இருக்காது. சொல்லியிருந்தாலும் விட மாட்டேன். அதற்குத்தானே அந்த ஒரு வாக்கியம். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

காலையில் அப்பம் சுட்டது நான். மூப்பர் வீட்டில்தான் அப்பம் சுட வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். ஈஸ்ட் போடாமல் மைதாவைப் பிசைந்து தட்டையாகச் சுடுவேன். பெர்சி கை படக்கூடாது என்று இவர் சொல்லியிருந்தார். இவர் குளிக்கப் போனதும் அவள் வந்து பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு மணிக்கட்டு வலி, அவளுக்குத் தெரியும். வேண்டாம் பிள்ள என்றேன். வாய்தான் சொன்னது, கை தடுக்கவில்லை. அவள் அழுத்தி அழுத்திப் பிசைந்தாள். சின்ன வயசில் இப்படித்தான் நாற்காலிமேல் ஏறி நின்று பிசைவாள், மாவில் யானை செய்வாள், இயேசப்பாவுக்கு யானை அப்பம் பிடிக்குமா என்று கேட்பாள். அவள் பிசைந்த மாவுதான் அந்தத் துணிக்குக் கீழே இருக்கிறது. ஞானசிகாமணி அண்ணன் அதைத்தான் சாப்பிடப் போகிறார், கிரேனாப்பு அக்கா அதைத்தான் சாப்பிடப் போகிறாள், ரூபன் அதைத்தான் சாப்பிடப் போகிறான். கூரை இடிந்து விழாது. எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்றும் ஆகாது. அப்படித் தெரிவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றும் ஆகாது என்று ஒன்றில் தெரிந்துவிட்டால் அடுத்ததிலும் தெரிந்துவிடும், அதற்கடுத்ததிலும். ஸ்வெட்டரில் ஒரு நூலை இழுத்த மாதிரி எது வரைக்கும் போகும் என்று சொல்ல முடியாது. பரிசுத்த முத்தத்தோடு ஒருவரையொருவர் வாழ்த்துங்கள் என்று நாலைந்து இடத்தில் எழுதியிருக்கிறது. ஒரு சகோதரரும் இன்னொரு சகோதரரை முத்தமிட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் அது அந்தக் காலத்து வழக்கம் என்பார் இவர். கால் கழுவச் சொன்னது? அதுவும் அந்தக் காலத்து வழக்கம். தீமோத்தேயுவுக்கு வயிற்றுவலிக்குத் திராட்சரசம்? அது அந்த ஆளுக்கு மட்டும் சொன்னது. பெண் பேசக்கூடாது, பெண் திரும்பிப் போக வேண்டும், இவை மட்டும் என்றைக்கும் மாறாத கட்டளை. எது வழக்கம் எது கட்டளை என்று கோடு போடுகிறவர்கள் யார்? நாலு ஆண்கள், ஒரு பென்சில். கோடு ஒவ்வொரு தடவையும் அவர்கள் காலுக்கு அந்தப்புறமாகவே விழுகிறது. இதை ஒரு தடவை இவரிடம் கேட்டும் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், பரிதாபமாகப் பார்த்தார். சர்ப்பமும் ஏவாளிடம் இப்படித்தான் கேள்வியாகவே ஆரம்பித்தது என்றார். அதற்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும் என் குரல் எனக்கே புஸ் என்று கேட்கிறது.

பாட்டு. ஜெபம் முடிந்து யாரோ எண் சொல்கிறார்கள், எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம். ரூபன்தான் எடுத்துக் கொடுக்கிறான். அந்தக் குரல் மேலே போய்த் தகரத்தில் பட்டு இறங்குகிறது. பின்னால் பெர்சி பாடுகிறாளா? அவள் பாடுவாள். அவளுக்கு என்னை மாதிரி சந்தேக வியாதி இல்லை, விசுவாசம் இருக்கிறது, அப்பா பிள்ளை. அப்பம் இல்லாமல் இருப்பதில் நிஜமாகவே இளைத்துப் போனாள். அவள் வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாயங்கால ஜெபத்தில் எங்களுக்கு நியாயாதிபதிகள் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வரிசையாகத்தான் வாசிப்போம், ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனம், இவர், நான், பெர்சி, மறுபடியும் இவர். அன்றைக்குப் பத்தொன்பதாம் அதிகாரம். அதை யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. ஒரு லேவியன், ஆசாரிப்புக் கூடாரத்து ஊழியக்காரன், அவனுடைய மறுமனையாட்டி, அதாவது இரண்டாந்தாரமாக வைத்துக்கொண்டவள், கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவள் தப்பு செய்தாள் என்றும் ஒரு வரி இருக்கிறது. ஒரு பெண் புருஷன் வீட்டை விட்டு வந்தால் யார் எழுதினாலும் அந்த ஒரு வரி எப்படியோ வந்துவிடும். புருஷன் சமாதானம் பேசத் தேடி வருகிறான். அப்பனுக்கு மருமகனைக் கண்டதும் ஒரே சந்தோஷம். சாப்பிடு, இரு, ராத்தங்கிவிட்டுப் போ என்று நாள் கணக்கில் விருந்து வைக்கிறான். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. அம்மா இருந்தாளா செத்தாளா என்றே இல்லை. பிறகு அவளை அவனோடு அனுப்பிவைக்கிறான். வழியில் ஒரு ஊர்ப் பொறுக்கிகள் கதவைத் தட்டியபோது அவன் அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு உள்ளே தூங்குகிறான். விடியற்காலையில் கதவைத் திறந்தால் அவள் கிடக்கிறாள், கை இரண்டும் வாசற்படியில். அந்த வசனம் பெர்சியின் முறைக்கு வந்தது. வாசித்தாள். எல்லா வசனத்தையும் போலத்தான் வாசித்தாள், நிறுத்தாமல், தெளிவாக, பஞ்சு வைத்த காதோடு. எழுந்திரு போவோம் என்று அவன் சொல்கிற வசனம் அவள் அப்பாவுக்கு வந்தது. அவரும் வாசித்தார். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. அவன் அவளைத் துண்டு துண்டாக்கித் தேசமெங்கும் அனுப்புகிற வசனம் எனக்கு. தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். இவர் புத்தகத்தை மூடினார். உமது வசனம் எங்கள் கால்களுக்குத் தீபமாயிருக்கிறதே, ஸ்தோத்திரம் என்று ஜெபித்தார். பிறகு மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிற தம்பிக்காக, மழைக்காக, மிஷனரிகளுக்காக. நான் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இப்போதுதான் வாசித்தாரே, அவர் வாயால் வாசித்தாரே. விரலை வைத்துக் காட்டுகிற மனுஷர் அன்றைக்கு எங்கேயும் விரல் வைக்கவில்லை. அடுத்த வாரம் ரூபன் வந்தான். இவர் விடிகாலையில் சைக்கிள் எடுத்துப்போய் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவோ வசதி. கெட்டவர் இல்லை. அவருக்கு ஏலியின் பயம். ஏலி ஆசாரியன் தன் பிள்ளைகளைக் கண்டித்து அடக்கவில்லை என்று கர்த்தர் அவன் வீட்டையே நியாயந்தீர்த்தார். கிழவன் நாற்காலியிலிருந்து மல்லாக்க விழுந்து கழுத்து முறிந்து செத்தான். அந்தக் கழுத்தை நினைக்காமல் இவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்று நினைக்கிறேன். பிறத்தியார் பிள்ளைகளை இவர் பின் பெஞ்சில் வைத்திருக்கிறார். காதலித்துக் கட்டியவளை, சினிமாவுக்குப் போனவனை. இப்போது சொந்தப் பிள்ளை என்றதும் விட்டுவிட்டால் கர்த்தரும் பார்ப்பார், ஞானசிகாமணியும் பார்ப்பார். போன வாரம் மோட்டார் போடப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லையே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தால், தொட்டி நிரம்பி வழிகிறது, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருக்கிறார். போய்க் கட்டிப்பிடித்திருக்கலாம். என்னங்க, வேண்டாங்க, நம்ம பிள்ளைங்க என்று சொல்லியிருக்கலாம். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். அவர் பிள்ளையை நேசிக்கிறார், பிள்ளையைவிடப் புத்தகத்துக்குப் பயப்படுகிறார். நான் அதே புத்தகத்தை நேசித்தேன். நிஜமாகவே நேசித்தேன், கர்ப்பமாக இருந்தபோது வயிற்றின்மேல் வைத்துத்தான் வாசிப்பேன். அபிகாயிலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முரட்டுப் புருஷனிடம் சொல்லாமலே கழுதைகளில் அப்பத்தை ஏற்றிக்கொண்டு போய், என் புருஷன் பைத்தியக்காரன் என்று தாவீதிடம் நேருக்கு நேர் சொன்னாளே. அவளை யாரும் பின் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. பெரிய பெண்பிள்ளை என்று புகழ்கிறார்கள். எங்கள் சபையில் மட்டும் இருந்திருந்தால் அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்புகூட வருகிறது, வந்த வேகத்தில் நின்றுவிடுகிறது. இப்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் இவருடைய விரல் தெரிகிறது. அந்த விரலை எடுத்துவிட்டால் அதற்குக் கீழே ஒருவர் இருக்கிறாரா? மண்ணில் குனிந்து எழுதினாரே இயேசு, கல்லை எடுத்தவர்களை ஒவ்வொருவராகப் போக வைத்தாரே, அவர் இருக்கிறாரா? அவரும் இவரைப் போலவே, நானா எழுதினேன், எங்கப்பா எழுதினார், நான் என்ன செய்ய என்றுதான் சொல்வாரா? இதைக் கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை. ஜெபத்தில் கேட்கலாம் என்று முழங்கால் போட்டால் எங்களப்பனே என்று ஆரம்பிக்கிறது வாய். அப்பன் என்றதும் இவர் முகம் வருகிறது, நான் எழுந்துவிடுகிறேன். கர்த்தரில்லாமல் எனக்கு இருக்கவும் தெரியாது. போகிறவர்கள் எங்கே போவார்கள்? கிரேனாப்பு அக்கா, இந்த முக்காடு, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் தோட்டத்தில் எனக்கென்று இருக்கிற ஆறடி, எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

துணியை எடுத்துவிட்டார்கள். எப்போது எடுத்தார்கள்? பாட்டு எப்போது முடிந்தது? இவர்தான் மேசையண்டை நிற்கிறார், அப்பத்தை இரண்டாகப் பிட்கிறார், காய்ந்த ஓரம் முறிகிற சின்னச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. தட்டு ஆண்கள் பக்கம் போகிறது. ரூபன் குனிந்து எடுக்கிறான். மெல்லுகிறான், தாடை அசைவது பின்னாலிருந்தே தெரிகிறது, காதுக்குக் கீழே அந்த இடம் ஏறி ஏறி இறங்குகிறது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற மனுஷன். நான் எடுக்கக் கூடாது. இப்போதுதான் தோன்றுகிறது, ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை, நான் எடுக்காமல் தட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டால் போதுமே, அதுவே ஒரு பேச்சுதானே. மூப்பர் மனைவி அப்பம் எடுக்கவில்லை என்றால் இங்கே ஒவ்வொரு தலையும் நிமிரும். தட்டு பெண்கள் பக்கம் வருகிறது. முதல் வரிசை. இரண்டாம் வரிசை. கிரேனாப்பு அக்கா எடுத்துக்கொண்டு என்னிடம் நீட்டுகிறாள். தட்டைப் பிடிக்கிறேன். அதில் பெர்சியின் விரல் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், சுட்ட அப்பத்தில் எப்படி இருக்கும். தட்டு என் கையை விட்டு அடுத்த கைக்குப் போய்விட்டது. எடுக்கவில்லை, சாதித்துவிட்டேன் என்று நினைக்கிற அதே நேரத்தில் நாக்கில் உப்பில்லாத மாவு கரைகிறது. கை அதன் பாட்டுக்கு எடுத்திருக்கிறது, வாய் அதன் பாட்டுக்கு வாங்கியிருக்கிறது. துப்பவா முடியும். விழுங்கினேன். அடைத்துக்கொண்டு இறங்கியது. பாத்திரம் வந்தபோது தண்ணீர்த் தாகத்தில் குடிக்கிற மாதிரி குடித்துவிட்டேன். பரவாயில்லை, இது போகட்டும். இன்னும் அறிவிப்பு இருக்கிறது. அந்த வாக்கியம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. காணிக்கைப் பை வந்து போயிற்று. காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்கிறேன், எழுந்திருக்க வசதியாக. இவர் எழுந்திருக்கிறார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், திரும்பப் போடுகிறார். வரும் புதன்கிழமை வேதபாடம் ஞானசிகாமணி அண்ணன் வீட்டில். தையல் இயந்திரம் கேட்டிருந்த சகோதரிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். பிறகு குரல் இறங்கிவிடுகிறது. கர்த்தர் இந்தச் சபையில் ஒரு குடும்பத்துக்கு இரக்கம் செய்தார் என்கிறார். நம்முடைய சகோதரி பெர்சிஸ் கர்த்தருடைய வார்த்தைக்குக் கீழ்ப்படிய நேற்றைக்கு மனதார ஒப்புக்கொடுத்தாள், இன்றைக்கே தன் புருஷனோடு புறப்பட்டுப் போகிறாள், அடுத்த வாரத்திலிருந்து அந்தச் சபையில் அவள் பந்தியில் சேர்த்துக்கொள்ளப்படலாம் என்று இங்கிருந்து எழுதிக் கொடுக்கிறோம். சரி என்று சொல்லியிருக்கிறாள். இவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். என்ன பிள்ள இது. இப்போது எழுந்திரு யூனிஸ். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், உடம்பு கொஞ்சம் மேலே வந்தது, வந்தது என்றுதான் நினைக்கிறேன், கிரேனாப்பு அக்கா திரும்பிப் பார்த்தாளே. இவர் குரல் உடைகிறது. உடைந்த குரலிலேயே, இந்தக் குடும்பத்தைக் கட்டியெழுப்புகிற தேவனுக்கே மகிமை உண்டாவதாக என்று முடிக்கிறார். எத்தனையோ வருஷமாக இந்தக் குரல் வாக்கியத்தை முடித்தால் அடுத்து என்ன வரும் என்று என் உடம்புக்குத் தெரியும். அடுக்களையில், படுக்கையில், ஆஸ்பத்திரியில், எங்கே அவர் முடித்தாலும். ஆண்கள் பக்கமிருந்து எல்லாரும் ஆமென் என்றார்கள். அது அடங்கிய பிறகு, தாமதமாக, தனியாக, ஒரு பெண் குரல் ஆமென் என்றது. நல்ல தெளிவாகத்தான் சொன்னது. முன்வரிசைப் பையன் திரும்பி என்னைப் பார்த்தான். இவரும் பார்த்தார், நன்றியோடு பார்த்தார். நான் அந்தச் சொல்லைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா என்பது போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே செருப்பு தேடுகிற கூட்டம். ஆண்கள் ரூபனுக்குக் கை கொடுக்கிறார்கள். வெயில் கண்ணைக் கூசுகிறது. பெர்சியின் பை ஏற்கெனவே ரூபன் காரில் இருக்கிறது, காலையிலேயே எடுத்து வைத்துவிட்டிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. கிட்டே வந்தாள். முக்காட்டை எடுத்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். அழவில்லை. என் சேலை முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"நான் போமாட்டேன்னா நீயும் எந்திரிச்சிருவன்னு நெனச்சேன்மா. அதான் அப்பாட்ட சரின்னு சொன்னேன்."

ரூபன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வாரேன் அத்தை என்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள்.